மச்சமும் மருத்துவமும்
மச்சத்தில் யோகம் பார்ப்பது நம் மரபு. நோயின் அறிகுறியையும் அதில் பார்க்கக் கற்றல் வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள பிரிஞ்சாங்கில் புற ஊதாக்கதிர் மிகுதி. எனினும், கருநிறத்தோரிடம் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் மிகுதியாகத் தோன்றுமிடங்கள் வெயில் படாத உள்ளங்காலும் உள்ளங்கையும் நகத்தடியுமே. பாடகர் பாப் மார்லி 1981இல் மறைந்தது, கால்விரல் நகத்தடியில் தோன்றிய இந்நோயால்தான். தேயிலைத் தோட்டத்தில் நாள்முழுதும் காலணிக்குள் இருக்கும் பாதத்தை மாதம் ஒருமுறையேனும் கழுவி, நல்ல வெளிச்சத்தில் நோக்குவோம். மச்சத்தின் இரு பாதிகள் ஒவ்வாமை, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், நாளடைவில் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், நகத்தில் கருங்கோடு அகன்றாலும் மருத்துவரை நாடுவோம். வலியில்லை என்று காத்திருத்தல் தகாது. தொடக்கத்திலேயே வெட்டியெடுத்தால் பெரும்பாலும் குணமாகும்.