மீண்டும் மிதிவண்டி ஏறுவோர்க்கு



இருப்புப்பாதை அலுவலகத்தில் மேசைமுன் அமர்ந்து கோப்புகளைப் புரட்டுவது என் உத்தியோகம். காலையில் ஸ்கூட்டரில் சென்று மாலையில் ஸ்கூட்டரில் திரும்பும் வாழ்க்கை. முப்பத்தைந்து வயது நிரம்புமுன்னரே இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கின்றது என்று மருத்துவர் சொன்னபோது, அச்சொல் எனக்குச் சாதாரணச் சொல்லாகப் படவில்லை. என் தந்தையார் அதே நோயினால் இடது காலின் பெருவிரலை இழந்தவர். “நாள்தோறும் நடங்கள், அல்லது சைக்கிள் மிதியுங்கள்” என்றார் மருத்துவர். நடப்பதில் எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே பதினேழு ஆண்டுகளாகத் தொடாத மிதிவண்டியை மீண்டும் தொடுவதென்று முடிவு செய்தேன்.

நம் லாலாகுடாவுக்கு மிதிவண்டி புதிதன்று. நிஜாம் இரயில்வேயார் 1893இல் இங்கே பணிமனை நிறுவினர். அப்பணிமனையையும் இரயில்வேயையும் நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. சங்கு ஊதியதும் பணிமனை வாயிலிலிருந்து கரிய சைக்கிள்கள் சாரிசாரியாகப் புறப்பட்ட காட்சி மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். என் தந்தையாரிடம் இருந்தது இருபத்துநாலு அங்குல ஹெர்குலிஸ். பாருக்கு மேல் கால் எட்டாத வயதில், அதன் கீழாகக் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே நான் ஓட்டக் கற்றேன். முழங்காலில் இன்றும் அதன் தழும்பு உண்டு.

ஆனால் நான் வாங்க விரும்பியது அவ்வண்டி அன்று. ‘ரோடு பைக்’ என்று கடைக்காரர்கள் அழைக்கும், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் கைப்பிடி வளைந்த, மெல்லிய டயர் கொண்ட சாலை மிதிவண்டி. பள்ளிப் பருவத்தில் பத்திரிகைப் படங்களில் பந்தய வீரர்கள் அதன்மேல் குனிந்து பறப்பதைக் கண்டு ஏங்கியதுண்டு. அந்த ஏக்கமே என்னை ஏமாற்றியது என்று சொல்லவேண்டும். ஒருவரிடம் பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்தது. பளபளக்கும் சிவப்பு வண்ணம். ஒரு கையால் தூக்கலாம். சட்டத்தில் 58 என்ற எண் இருந்தது. அது யாது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “சற்று உயரமாக இருக்கின்றதே” என்றதற்கு, “சீட்டை இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும்” என்றார். 22,000 ரூபாய் எண்ணிக் கொடுத்து வாங்கி வந்தேன்.

முதல் வாரம் மகிழ்ச்சியில் கழிந்தது. இரண்டாம் வாரம் பிடரி வலித்தது. மூன்றாம் வாரத்தில் வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், அலுவலகத்தில் பேனாவைப் பிடிக்கவே தடுமாறினேன். சர்க்கரை நோய்தான் நரம்பைத் தொட்டுவிட்டதோ என்று ஓரிரவு முழுதும் உறங்கவில்லை. மறுநாள் மருத்துவர் கையைப் பரிசோதித்துவிட்டு, நோயன்று, வண்டி என்றார். உடலின் பாரமெல்லாம் உள்ளங்கையின் வெளியோரத்தில் விழுந்து, அவ்விரு விரல்களுக்கும் செல்லும் நரம்பை நசுக்கியிருக்கின்றது. வண்டியை 13,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். நட்டம் ஒன்பதாயிரம். என் இல்லாள் கோபிக்கவில்லை. “ரவிக்கைத் துணிக்கே அளவு கொடுத்துவிட்டு வருகிறோம். இருபத்திரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அளவு பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் உண்மையில் கற்கத் தொடங்கினேன். அந்த 58 என்பது சட்டத்தின் அளவு, சென்டிமீட்டரில். என் உயரம் 165 சென்டிமீட்டர். எனக்கு வேண்டியது ஏறத்தாழ 51. இதனை வீட்டிலேயே கண்டறியலாம். செருப்பின்றிச் சுவரில் முதுகு சாய்த்து நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே, முதுகுப்புறம் மேலே இருக்குமாறு நிறுத்தி, ஆசனத்தில் அமர்ந்தாற்போல் அழுத்தமாக மேலே தள்ளுக. அதன் மேல்விளிம்பு சுவரில் தொடும் இடத்தை மற்றொருவர் பென்சிலால் குறிக்கட்டும். தரையிலிருந்து அக்குறிவரை உள்ள நீளமே உங்கள் உட்கால் அளவு. எனக்கு அது 76 சென்டிமீட்டர். அதனை 0.67ஆல் பெருக்கினால் சட்டத்தின் அளவு சற்றேறக்குறைய வரும். 0.883ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து ஆசனத்தின் மேற்புறம்வரை இருக்கவேண்டிய உயரம் வரும். எனக்கு 67 சென்டிமீட்டர். இவை தொடக்கக் கணக்குகளே. கம்பெனிக்குக் கம்பெனி அளவிடும் முறை வேறுபடுவதால், அந்தந்த வண்டியின் அளவு அட்டவணையையும் பார்த்தல் வேண்டும்.

“சீட்டை இறக்கிக்கொள்ளலாம்” என்ற பேச்சில் உள்ள பிழை இப்போது விளங்கும். ஆசனம் இறங்கும், கைப்பிடி அருகே வராது. கைப்பிடியைத் தாங்கும் குறுங்கழுத்தை மாற்றி ஓரிரு சென்டிமீட்டர் குறைக்கலாம். அதற்குமேல் சட்டமே சிறியதாக இருக்கவேண்டும். சாலை மிதிவண்டிகளிலும் இருவகை உண்டு. பந்தயத்துக்கென அமைந்தவற்றில் கைப்பிடி தாழ்ந்து, தொலைவில் இருக்கும். நெடுந்தூர ஓட்டத்துக்கென அமைந்தவற்றில் அது சற்றே உயர்ந்து, அருகில் இருக்கும். மேசைமுன் அமர்ந்து முதுகு இறுகிப்போன நம்மைப் போன்றோர்க்கு இரண்டாவதே தக்கது. குனிந்து காலின் பெருவிரலைத் தொட இயலாதவர் பந்தய வண்டியின்பால் கண்ணெடுத்தும் பார்க்கவேண்டாம். நான் தொட முயன்றபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே கை நின்றுவிட்டது!

அடுத்தது டயர். நான் விற்ற வண்டியில் 23 மில்லிமீட்டர் அகலம். மெல்லியது விரைந்தோடும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. கரடுமுரடான சாலையில் அது ஆளையும் வண்டியையும் குலுக்கி, மிதித்த பலத்தை வீணாக்குகின்றது என்பதை இன்று பந்தய வீரரே ஒப்புக்கொண்டு, 28 மில்லிமீட்டருக்கும் அதற்கு மேலும் சென்றுவிட்டனர். மெட்டுகுடா சாலையிலும் ஆலுகட்டபாவி பாலத்தடியிலும் ஒருமுறை மழைக்காலத்தில் சென்று வந்தவர்க்கு இதற்கு வேறு சான்று வேண்டா. 28 குறைந்த அளவு, 32 உத்தமம். சட்டத்திலும் பிரேக்கிலும் அவ்வகலத்துக்கு இடம் உண்டா என்பதை வாங்குமுன் கேட்டறிக. பழைய பந்தய வண்டிகளிற் பல 25க்கு மேல் இடங்கொடா.

இங்கே இருப்புப்பாதைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். லெவல் கிராசிங்கில் தண்டவாளத்துக்கும் அதன் உட்புறக் காவல் தண்டவாளத்துக்கும் இடையே, இரயில் சக்கரத்தின் விளிம்பு செல்வதற்காக, ஏறத்தாழ இரண்டங்குல இடைவெளி விடப்பட்டிருக்கும். 28 மில்லிமீட்டர் என்பது ஓரங்குலத்துக்குச் சிறிதே அதிகம். சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் அப்பள்ளத்தில் இறங்கிப் பற்றிக்கொள்ளும். ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். நனைந்த தண்டவாளம் வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்க. பாதைக்கு நேர் குறுக்காக, மெல்ல, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். ஐயமிருப்பின் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழுக்கில்லை. நான் இறங்கியே தள்ளுகின்றேன்.

கியரைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. முன்னே பெரிய பல்சக்கரத்தில் 50, சிறியதில் 34 பற்களும், பின்னே மிகப் பெரியதில் 32 பற்களும் இருந்தால், தக்காணத்தின் எந்த மேட்டையும் மூச்சிரைக்காமல் ஏறலாம். தந்தையாரின் சைக்கிளில் பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டரைத் தடவை சுற்றியிருக்கும். இதில் மிகத் தாழ்ந்த கியரில் ஒருமுறைக்குச் சற்றே அதிகம். பின்புறம் எட்டுப் பல்சக்கரமா, பதினொன்றா என்பது பெரும்பாலும் பணப்பையைப் பொறுத்தது. டிஸ்க் பிரேக் மழையில் நன்கு பிடிக்கும். ரிம் பிரேக்கைத் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரே சீர்செய்வார்.

அத்தெருமுனைக் கடைக்காரரிடம் இல்லாதவை இரண்டு உள. ஒன்று, டியூப். நம் பழைய பெரிய சைக்கிளின் சக்கரத்துக்கும் இதற்கும் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆயினும் டயர் அமரும் விளிம்பின் விட்டம் அதில் 635, இதில் 622 மில்லிமீட்டர். டயர் மாறிப் பொருந்தாது. இதன் மெல்லிய டியூபும் அவரிடம் கிட்டாது. மற்றொன்று வால்வு. இதன் ஒல்லியான வால்வில் அவர் பம்பு பற்றாது. பித்தளைத் திருகு ஒன்று சிறு விலைக்குக் கிடைக்கும். அதனையும், மாற்று டியூப் ஒன்றையும், டயர் நெம்புகோல் இரண்டையும் ஆசனத்தின் கீழ்ப் பையில் எப்போதும் வைத்திருத்தல் வேண்டும். இவற்றோடு தலைக்கவசம், விளக்கு, பூட்டு ஆகியவற்றின் செலவையும் வண்டி விலையோடு கூட்டியே கடன் மனுப் போடுக. நான் இரண்டாம் முறை கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றபோது அவ்வாறே செய்தேன்.

முன்புறம் ஸ்பிரிங் வைத்த மலை வண்டியை வாங்கும்படி நண்பர் பலர் வற்புறுத்தினர். பள்ளத்துக்கு அது சுகமே. ஆனால் மலிவான ஸ்பிரிங் முள் கனமானது. எழுந்து மிதிக்கையில் நம் உழைப்பை விழுங்குவது. வளைந்த கைப்பிடி அச்சந்தருமாயின், நேர் கைப்பிடியும் நடுத்தர டயரும் கொண்ட ஹைப்ரிட் வண்டி நல்லது. மகளிர்க்கும் அறுபதைத் தாண்டிய பெரியோர்க்கும் நான் அதையே சொல்வேன்.

ஓட்டுவதற்கு இடம் தேடி அலையவேண்டியதில்லை. தார்நாக்காவை அடுத்த உஸ்மானியா பல்கலைக்கழக வளாகம் விடியற்காலையில் மரநிழலும் ஏற்ற இறக்கமுமாக விரிந்து கிடக்கின்றது. 2002இல் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நம் நகரில் நடந்தபோது சைக்கிள் பந்தயத் திடல் எழுந்ததும் அவ்வளாகத்திலேதான். நகரின் மேற்கே வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுகளையே கூரையாக்கி அமைத்த 23 கிலோமீட்டர்ப் பாதை 2023 அக்டோபர் முதல் நாளில் திறந்துவைக்கப்பெற்றது. நமக்கு அது தொலைவு. வேகம் குறித்த கவலையும் வேண்டா. உலகெங்கும் நடைபெறும் ‘பிரெவே’ என்னும் நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டரைக் கடக்கப் பதின்மூன்றரை மணி நேரம் தருகின்றனர். அதாவது, ஓய்வும் உணவும் உட்பட, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை.

என் இரண்டாம் வண்டி 51 அளவுள்ளது. நிறம் எனக்குப் பிடிக்காத சாம்பல். பதினான்கு மாதங்களாக ஓட்டுகின்றேன். விரல்கள் மரக்கவில்லை. சென்ற பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. மருத்துவர் ஆறு மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கின்றார். வண்டி வாங்க எண்ணும் அன்பர்கள் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வரின், அளவு நாடாவும் தடித்த புத்தகமும் கொண்டு காத்திருப்பேன். பென்சிற்குறி இடச் சுவர் மட்டும் சங்கத்தார் தரவேண்டும்.