பால்கோவா மேல் பழி போடாதீங்க!

ராத்திரி ரெண்டு மணி. வலது தோளுக்குள் யாரோ கடப்பாரையை விட்டுத் திருகுகிற மாதிரி ஒரு வலி! திரும்பிப் படுக்க முடியவில்லை. காலையில் சட்டை மாட்டிவிட்டதே மனைவிதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் ஆபீசுக்கு பஸ். கம்பியைப் பிடிக்கவும் இடது கை, டிக்கெட் வாங்கவும் அதே இடது கை... கண்டக்டர் முறைத்தார்.

ஆபீசில் ஆளுக்கொரு வைத்தியம். "சுளுக்கு அண்ணாச்சி, எண்ணெய் போட்டு நீவிவிடுங்க" என்றார் ஒருவர். "ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுத்தீங்கல்ல, அதான்!" என்றார் இன்னொருவர். (வடத்தைத் தொட்டுக் கும்பிட்டதோடு சரி!)

எலும்பு டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். மேற்கை எலும்பின் தலைக்குச் சற்று மேலே அரிசி மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. "தசையை எலும்போட கட்டியிருக்கிற தசைநாண்ல கால்சியம் படிஞ்சிருக்கு. கால்சிஃபிக் டெண்டினைட்டிஸ்" என்றார்.

எனக்குப் பகீர். "கால்சியமா? சார், எங்க ஊர் பால்கோவா..."

சிரித்துவிட்டார். "2019-ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம் சார் அது! சாப்பிடற கால்சியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஏன் படிகிறது என்பது மருத்துவ உலகத்துக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லையாம். முப்பதிலிருந்து ஐம்பது வயசுக்காரர்களுக்குத்தான் அதிகம், அதிலும் பெண்களுக்கு. சர்க்கரை, தைராய்டு இருந்தால் வாய்ப்பு கூடுதல். திட்டு இருந்தும் வலியே தெரியாதவர்கள் ஏராளம்.

வேடிக்கை என்னவென்றால், படியும்போது பெரிய வலி இருக்காது. சாக்பீஸ் மாதிரி இருப்பதை உடம்பே டூத்பேஸ்ட் மாதிரி இளக்கிக் கரைக்கும்போதுதான் இந்த ரகளை! காலி பண்ணும்போது சண்டை போடுகிற வாடகைக்காரன் மாதிரி.

அதனால் முதலில் கத்தி கிடையாது. வலி மாத்திரை, ஐஸ் ஒத்தடம், சில நாள் ஓய்வு. வலி தணிந்ததும் பிசியோதெரபி. கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். அப்படியும் அடங்காவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே இன்னொரு ஊசியால் உப்புநீர் செலுத்திக் கால்சியத்தைக் கழுவி எடுப்பார்கள். அதிர்வலைச் சிகிச்சையும் உண்டு. சிறுதுளை ஆபரேஷன் சிலருக்குத்தான்.

ஒரு விஷயம்... இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை என்றால் எலும்பு டாக்டரைத் தேடாதீர்கள். உடனே 108!

எனக்கு மாத்திரையும் பயிற்சியுமே போதுமாக இருந்தது. சில மாதம் பிடித்தது. போன வாரம் பஸ்ஸில் வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இடது கையில் கால் கிலோ பால்கோவா.