மேட்டில் திணறும் வண்டி

வாடகைக்கு ஓடும் பழைய டீசல் கார். மேட்டில் ஏறாமல் திணறுகிறது. கரும்புகை கக்குகிறது. டர்போ போய்விட்டதா? அவசரப்படாதீர்கள். புது டர்போவுக்கு நிறையப் பணம் வேண்டும். முதலில் காரணத்தைத் தேடுங்கள்.

டர்போவில் ஒரு தண்டு உண்டு. அதன் இரு முனையிலும் சிறு சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வரும் புகை ஒன்றைச் சுழற்றும். மற்றது எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும். காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது. இழுவை குறையும்.

எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்துள்ளதா? காற்று போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு உள்ளதா? கிளிப் தளர்ந்துள்ளதா? அடைத்த ஃபில்டரையும் வெடித்த குழாயையும் மாற்றுங்கள். கிளிப்பை முடுக்குங்கள். பல வண்டிகளுக்கு இதுவே போதும்.

நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதைக் காப்பது ஆயில்தான். காலம் தவறாமல் ஆயிலை மாற்றுங்கள்.