சித்திரை வெயிலும் விமானத்தின் இறக்கையும்

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் பெருங்குடிப் பக்கம் விமானம் எழுவதைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததும் பலரும் சொல்வது, “இன்ஜின் எப்படித் தூக்குது பாரு!” உண்மையில் இன்ஜின் தூக்குவதில்லை. இது பிடிபட்டால், கிளம்பும்போது நடக்கும் விபத்துகளில் சில விளங்கிவிடும். டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

காற்றடிக்காத நாளில் திருச்சுழிக் காட்டில் பட்டம் விடும் பையனை நினைத்துக்கொள்வோம். நூலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், பட்டம் மேலே போகிறது. அவன் பட்டத்தைத் தூக்கவில்லை. முன்னால் இழுத்தான், அவ்வளவுதான். சாய்ந்த தாளில் எதிர்க்காற்று மோதிக் கீழே திரும்பியது, தாள் மேலே ஏறியது. விமானத்தில் அந்தப் பையனின் வேலைதான் இன்ஜினுக்கு. தூக்குவது இறக்கை. அதற்கு வேண்டியது வேகமாக வந்து மோதும் காற்று. ஓடுபாதை என்று ஒன்று இருப்பதே அந்த வேகத்தைச் சேர்க்கத்தான்.

இனி வெயிலுக்கு வருவோம். சூடானால் காற்று விரிந்து மெலிகிறது. மேட்டு நிலத்திலும் காற்று மெலிவுதான். கடல் மட்டத்தில் 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட, 580 மீட்டர் உயரத்தில் 40 டிகிரி வெயிலில் இருக்கும் காற்று ஏறத்தாழ 14 விழுக்காடு லேசு. அதே எடையைத் தூக்க இறக்கைக்குச் சுமார் 8 விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டும். இன்ஜினும் காற்றை உறிஞ்சித்தான் எரிபொருளை எரிக்கிறது. அதன் வலுவும் குறைகிறது. வேண்டிய வேகமோ கூடுகிறது, அதைச் சேர்க்கும் வலுவோ குறைகிறது. ஆக, ஓட வேண்டிய தூரம் இரண்டு வழியிலும் நீள்கிறது. இன்ஜின் வலு குறைந்த சின்னப் பயிற்சி விமானங்களுக்கு இது இன்னும் கடுமை.

580 மீட்டர் என்று நான் சொன்னது மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் விமான நிலையத்தின் உயரம். நம் பக்கம் போலவே கரிசலும் பருத்தியுமான வறண்ட பூமி. 1993 ஏப்ரல் 26, பிற்பகல் 1 மணி சுமாருக்கு, இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்று 118 பேருடன் பம்பாய்க்குக் கிளம்பியது. ஓடுபாதை 6,000 அடி. விமானம் அதன் கடைசியில்தான் தரையை விட்டு எழுந்தது. அங்கே குறுக்கே பீட் சாலை. சாலையில் பருத்திப் பொதி ஏற்றிய லாரி. விமானத்தின் சக்கரப் பகுதி லாரியில் மோதியது. சற்றுத் தூரம் பறந்து, மின்கம்பிகளில் பட்டு விழுந்தது. 55 பேர் இறந்தார்கள்.

விசாரணை இரண்டு காரணங்களைச் சொன்னது: விமானிகள் மூக்கைத் தாமதமாகவும் தவறான முறையிலும் தூக்கியது, விமானம் கிளம்பும் நேரத்தில் சாலைப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தாதது. வெயிலைக் கணக்கிட்டுத்தான் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று முடிவு செய்கிறார்கள். அதனால் பழியை வெயில் மேல் போட முடியாது. ஆனால் குளிர்ந்த காலையில் கொஞ்சம் தாமதித்தாலும் மிச்சப் பாதை இருக்கும். உச்சி வெயிலில் அந்த மிச்சம் சுருங்கிவிடும். எனக்கு மனம் ஆறாதது இரண்டாவது காரணம்தான். ஒரு கேட்டை இறக்கி அந்த லாரியை இரண்டு நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

கோடை மதியத்தில் நீங்கள் ஏறும் விமானத்தில் எடை அதிகம் என்று சில பெட்டிகளை இறக்கினால், தயவுசெய்து ஊழியரிடம் சண்டை போடாதீர்கள். பெட்டி அடுத்த விமானத்தில் வந்து சேரும்.