கடல் கடந்தாலும் விடாத வரி!

பிழைப்புக்காக வேறு நாடு போகிறவர்கள், போன இடத்தில் வரி கட்டுவது வழக்கம். அமெரிக்கர்களுக்கு அது மட்டும் போதாது. உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும், சொந்த நாட்டுச் சர்க்காருக்கும் கணக்குக் காட்ட வேண்டும்! 1861-65 உள்நாட்டுப் போர்க் காலத்தில் முளைத்த சட்டம் இது.

தென் கொரியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க அமெரிக்க வாலிபர்களும் பெண்களும் போகிறார்கள். கல்லூரியை விட்டதும் போகிறவர்கள் பலர். "நம் சம்பளத்துக்கு ஏது வரி?" என்று சும்மா இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அங்கேதான் ஆபத்து!

கேட்டால்தான் சலுகை

வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு அமெரிக்காவில் சலுகை உண்டு. 2025-ம் வருஷ வருமானத்தில் 1,30,000 டாலர் வரை விலக்குப் பெறலாம். ஆசிரியர் சம்பளம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் சலுகை தானாக வராது. படிவம் எழுதிக் கேட்க வேண்டும்!

330 நாள்

சலுகை பெற ஒரு வழி, நாள் கணக்கு. தொடர்ந்த 12 மாதத்தில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருக்க வேண்டும். மிச்சம் 35 நாட்களே. அம்மாவைப் பார்க்க வந்து இரண்டு மாதம் தங்கினால் கணக்கு உதைக்கும்!

கணக்குக் கொடுக்க ஊரில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 கடைசி நாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் 15. வரி பாக்கி இருந்தால் மட்டும், ஏப்ரல் 15 முதலே வட்டி ஓடும்.

கொரியாவின் வரி

இரு நாட்டு ஒப்பந்தப்படி, அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் அமெரிக்க ஆசிரியருக்கு இரண்டு வருஷம் கொரிய வரி இல்லை. தனியார் பயிற்சிக் கூடங்களில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. சலுகை பெற, "இவர் எங்கள் நாட்டவர்" என்று அமெரிக்க வரி இலாகா சான்றிதழ் தர வேண்டும். ஒழுங்காகக் கணக்குக் கொடுத்து வந்தவருக்கே அந்தச் சான்றிதழ். அங்கே சோம்பல் பட்டால் இங்கே பணம் போகும்!

இன்னொன்று: வெளிநாட்டு பாங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலருக்கு மேல் ஒரே ஒரு நாள் இருந்தாலும் தெரிவிக்க வேண்டும். இதற்கு வரி இல்லை. மறைத்தால் அபராதம் உண்டு.

வரி இல்லை என்பது வேறு. கணக்கே வேண்டாம் என்பது வேறு. சம்பளச் சீட்டையும் விமான டிக்கெட்டையும் பத்திரமாக வைத்திருப்பவரே புத்திசாலி!