சைவம் வேறு, சாப்பாட்டுப் பயம் வேறு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14 வயதுப் பையன் ஒருவன் ஓயாத சோர்வு என்று மருத்துவரிடம் போனான். ஆள் ஒல்லியில்லை; உயரத்துக்கேற்ற எடை. ரத்தத்தைச் சோதித்ததில் சோகையும் வைட்டமின் பி12 குறைபாடும் தெரிந்தன. ஊசி போட்டார்கள், சத்தாகச் சாப்பிடச் சொன்னார்கள், அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் காது கேட்பது குறைந்தது. பிறகு கண் மங்கத் தொடங்கியது. 17 வயதில் அவனுடைய பார்வை நரம்பு மீட்க முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டிருந்தது. தினமும் என்ன சாப்பிடுகிறான் என்று விவரமாக விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தொடக்கப் பள்ளி நாளிலிருந்தே உருளைக்கிழங்கு வறுவல், சிப்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய பன்றி இறைச்சி. வேறு எதுவும் வாயில் பட்டால் அதன் பதம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. 2019இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் இது வெளியாகி, உலகமெங்கும் பேசப்பட்டது.

அந்தப் பையன் சைவம் இல்லை. இதைக் கவனிக்க வேண்டும். பி12 குறைபாடு என்றாலே மாமிசம் சாப்பிடாதவர்களின் பிரச்சினை என்று நினைக்கிறோம். தினமும் இறைச்சி சாப்பிட்டவனுக்கே அது வந்தது. புதிதாக ஒன்றை வாயில் வைக்க முடியாத தவிப்புதான் அவன் நோயின் வேர்.

நம் வீடுகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தயிர்சாதமும் உருளை வறுவலும் தவிர எதையும் தொடாத பிள்ளையைப் பற்றி, “அவன் அப்படித்தான், நாக்கு ருசி கண்டவன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். வயசுக்கு வந்த பெண் எப்போதும் களைத்துக் கிடந்தால், “முட்டையாவது கொடுங்களேன் அக்கா” என்று பக்கத்து வீட்டு யோசனை வருகிறது. முதல் வீட்டில் நோய் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இரண்டாவது வீட்டில் பழி சைவத்தின் தலையில் விழுகிறது. உயிர்க்கொலை வேண்டாம் என்றோ, குடும்ப வழக்கம் என்றோ சைவமாக இருப்பவர்கள் அதை விடாமலேயே உணவுப் பயத்திலிருந்து வெளியே வர முடியும். அதற்கு முதலில் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இந்தப் பயத்துக்குத் தனிப் பெயர் வைத்தது. சுருக்கமாக ‘ஆர்ஃபிட்’ என்கிறார்கள். உணவைத் தவிர்க்கும் கோளாறு என்று சொல்லலாம். இளைக்க வேண்டும், அழகாக வேண்டும் என்ற எண்ணம் இதில் இருக்காது. இளைப்பதற்காகப் பட்டினி கிடக்கும் அனோரெக்சியாவிலிருந்து இதைப் பிரிப்பது அதுதான். சிலருக்குப் பசி உணர்வே மந்தமாக இருக்கும். சிலருக்குப் பதமும் மணமும் பொறுக்காது: வெண்டைக்காயின் வழவழப்பு, குழைந்த கத்தரிக்காய், பாலின் மேல் படியும் ஆடை. ஆடை உதட்டில் ஒட்டியதும் குமட்டிக்கொண்டு வந்து, அன்றைக்கு முழுவதும் சாப்பிட முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை அடம் என்று சொல்வது அநியாயம். கோஸ் வகைக் காய்களின் கசப்பை உணரும் ‘டாஸ்2ஆர்38’ என்ற மரபணு ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரே பொரியல் தந்தையின் நாக்கில் ஒரு மாதிரியும் மகளின் நாக்கில் வேறு மாதிரியும் இருக்க அதுவே போதும்.

மூன்றாவது வகைதான் மிகக் கொடியது. ஒரு முறை தொண்டையில் சிக்கிக்கொண்டது, ஒரு முறை வாந்தி எடுத்தது, அதிலிருந்து அந்த உணவென்றாலே பயம். மூளை இதை எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறது என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1955இல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே கதிர்வீச்சால் வயிற்றைக் கலக்கினார். எலிகள் அதன் பிறகு இனிப்புத் தண்ணீரை ஒதுக்கின. 1978இல் இலீன் பெர்ன்ஸ்டைன், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளிடம் இதையே கண்டார். மருந்துக்கு முன்னால் புதுச் சுவையில் ஓர் ஐஸ்கிரீம் கொடுத்திருந்தார்கள். பிறகு அதே ஐஸ்கிரீமை நீட்டியபோது பல குழந்தைகள் வேண்டாம் என்றன. வாந்திக்குக் காரணம் மருந்துதான் என்று தெரிந்திருப்பதால் அந்த வெறுப்பு போய்விடுவதில்லை. ‘இதிலே ஒண்ணுமில்லே, சாப்பிடு’ என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே விளக்கம்.

சைவ உணவுக்காரர்களிடம் இதன் மேல் இன்னொரு அடுக்கு சேர்கிறது: அருவருப்பு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பால் ரோஸின் இதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். கிருமி நீக்கிய செத்த கரப்பானைப் பழச்சாற்றில் ஒரு முறை தோய்த்து எடுத்தார். சாறு சுத்தமானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் குடிக்க மனம் வரவில்லை. பட்டது ஒட்டிக்கொள்ளும் என்று மனித மனம் ஆழமாக நம்புகிறது. 1997இல் அவர் வெளியிட்ட ஆய்வில், உடல்நலத்துக்காகச் சைவமானவர்களைவிட அறத்துக்காகச் சைவமானவர்களுக்கு இறைச்சி மேல் அருவருப்பு அதிகம் என்று கண்டார். ஆகவே, ‘இந்தத் தோசைக்கல்லில் ஆம்லெட் போட்டிருப்பார்களோ?’ என்று ஒருவர் தயங்கினால் அது நோயல்ல. கொள்கை உடம்பில் ஊறியதன் அடையாளம். பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதும், பாலும் தொடாதவர்களுக்காக 2022 முதல் வந்துள்ள வீகன் முத்திரையைத் தேடுவதும் அப்படியே.

எல்லை எங்கே என்று கேட்டால், நான் ஒரே அளவுகோலைத்தான் சொல்வேன். முழுச் சைவச் சாப்பாடு, நம்பிக்கையான கைச் சமையல், எதிரே இருக்கிறது. அதை நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதா? முடிந்தால், இறைச்சியை மறுத்தது கொள்கை. அங்கேயும் நெஞ்சு படபடத்து, சோற்றைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தால், அது பயம். உறவினர் வீடு, கல்லூரி கேன்டீன், சுற்றுலா என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகிறார் என்றால், பயம் வளர்கிறது.

சைவத்தைப் போர்வையாக்கிக்கொள்வதும் நடக்கிறது. அமெரிக்கப் பெண்களிடம் 2012இல் செய்த ஆய்வு ஒன்றில், உணவுக் கோளாறு இருந்தவர்களில் 52 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் சைவமாக இருந்திருந்தார்கள். கோளாறு இல்லாதவர்களில் 12 சதவீதம்தான். சைவம் நோயைத் தரும் என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. ‘நான் சைவம்’ என்றால் யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை. சாப்பிடாமல் இருக்க அது வசதியாகிவிடுகிறது. பிறப்பிலேயே சைவமான குடும்பத்தில் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு: எண்ணெயை விட்டாயிற்று, பிறகு அரிசி, பிறகு பால், பிறகு வெளியில் வாங்கியது எதுவும் கூடாது என்று சைவத்துக்குள்ளேயே வட்டம் குறுகுவது. ‘சுத்தமான’ உணவின் மேல் வரும் இந்தப் பித்துக்கு, ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1997இல் ‘ஆர்த்தோரெக்சியா’ என்று பெயரிட்டார். அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் அது இன்னும் இல்லை. ஆனால் யூடியூப் பார்த்து ஒவ்வொரு உணவாக விஷம் என்று ஒதுக்கும் இளைஞர்களைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயரின் தேவை புரியும்.

குறைவாகச் சாப்பிடுவதே பயத்தைப் பெருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை தொடங்கினார். உடலும் மனமும் நலமான ஆட்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் கால் பங்கு கரைந்தது. அவர்கள் சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், பதற்றத்திலும் சோர்விலும் மூழ்கினார்கள். பட்டினி மட்டுமே இத்தனையும் செய்தது. ஆகவே, பயந்து குறைத்துக்கொண்டவரின் பயம் முதலில் தணிய வேண்டுமானால், அவருக்குப் பிடித்த நாலைந்து உணவையே வயிறு நிறையக் கொடுப்பதுதான் வழி. மற்றதெல்லாம் பிறகு.

சத்துக் கவலைக்கு வருவோம். புரதம் பற்றிய பயத்தில் பாதி தேவையில்லாதது. 1971இல் பிரான்சிஸ் மூர் லாப்பே எழுதிய ‘டயட் ஃபார் எ ஸ்மால் பிளானட்’, தானியத்தையும் பருப்பையும் ஒவ்வொரு வேளையும் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு தலைமுறையையே கவலைப்பட வைத்தது. பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார்: நாள் முழுவதும் பலவகையாகச் சாப்பிட்டால் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். 300 கிராம் அரிசியில் 20 கிராமுக்கு மேல் கிடைக்கிறது, 100 கிராம் பருப்பில் இன்னொரு 20, மீதிக்கு ஒரு பெரிய கைப்பிடி வேர்க்கடலை. பால் தொடாதவருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவரும். ஒன்றே ஒன்று: மேலோடு வார்த்த ரசத்தில் பருப்பு இல்லை. ரசசாதம் மட்டுமே இறங்கும் பிள்ளைக்கு அடிமண்டியைக் கலக்கி ஊற்ற வேண்டும்.

பி12 அப்படியல்ல, அதில் கவலைப்பட நியாயம் இருக்கிறது. அதற்கு நெருக்கமான இன்னொரு சத்தின் கதையில் நம் நீலகிரிக்கும் ஒரு பங்குண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் கர்ப்பிணிகளைக் கொன்ற ஒரு சோகையை ஆராய வந்தார். மில் தொழிலாளிப் பெண்கள்தான் பெரும்பாலும் அதற்குப் பலியானார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளை வைத்தும் ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பசை அந்தச் சோகையைக் குணமாக்கியது. அதிலிருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. பி12 அதன் பிறகு, 1948இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பைக் கண்டுசொன்ன டோரதி ஹாட்கினுக்கு 1964இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இரண்டு சத்தும் சேர்ந்துதான் சைவ உணவுக்காரர்களை ஏமாற்றுகின்றன. கீரை, பருப்பு சாப்பிடுகிறவருக்கு ஃபோலேட் எனப்படும் ஃபோலிக் அமிலச் சத்து தாராளம். அது இருப்பதால் பி12 குறைந்தாலும் சோகை வெளியே தெரியாமல் போகலாம். ஆனால் நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே வரும்: பாதத்தில் மரமரப்பு, நடையில் தடுமாற்றம், மறதி, எரிச்சல், மனச்சோர்வு. உணவைக் கண்டு பதறும் ஒருவரின் பதற்றத்தில் பி12 குறைபாட்டின் பங்கு எவ்வளவு என்று ரத்தம் சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

பி12ஐச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை, நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். பெரியவருக்கு நாளைக்கு இரண்டரை மைக்ரோகிராமுக்கு உள்ளாகவே தேவை. பால், தயிர் தாராளமாகச் சாப்பிடுகிறவருக்கு ஓரளவு கிடைத்துவிடும். வீகனுக்கு மாத்திரை கட்டாயம். நாளைக்கு 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒரு முறை 2000 மைக்ரோகிராம் என்பது பிரிட்டனின் வீகன் சங்கத்தின் பரிந்துரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்றெரிச்சலுக்கு ஒமேப்ரசோல் போன்றவற்றை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையும். அவர்கள் அசைவமானாலும் சோதித்துக்கொள்ள வேண்டும். தாய்க்குப் பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். கர்ப்பிணிகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இரும்புச் சத்துக்கு மாத்திரைக்கு முன்னால் சமையலறையிலேயே செய்யக்கூடியது நிறைய. கீரையின் மேல் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு நெல்லிக்காய், சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்காமல் இருப்பது. பயறு முளைகட்டினாலும் மாவு புளித்தாலும் இரும்பை மறிக்கும் பைட்டேட் குறைகிறது.

இனி, பயந்தவரின் தட்டை எப்படி விரிப்பது? திணிப்பது வேலைக்காகாது. ஏமாற்றுவது அதைவிட மோசம். மகன் சாப்பிடும் ஒரே பண்டம் இட்லி என்றால், அதற்குள் கீரையை அரைத்து ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்த நாளில் இட்லியும் போய்விடும். தெரிந்ததிலிருந்து அதற்கு நெருக்கமானதற்கு மெல்ல நகர்வதே நல்லது: உருளை வறுவலிலிருந்து வாழைக்காய் வறுவல், அங்கிருந்து சேனை, அதன் பிறகு அதே சேனை மசியல். சிகிச்சையாளர்கள் ஒரு புது உணவை ஐந்து கட்டமாகப் பழக்குகிறார்கள். ஒரு துண்டு பீட்ரூட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறத்தைச் சொல்ல வேண்டும். பிடித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியதில்லை. விரலால் தொட்டுப் பார்க்கலாம், விரல் சிவக்கும். முகர்ந்தால் மண்வாசனை. நாக்கு நுனியில் வைத்தால் இனிப்பு. கடைசியில் கடித்து, மெல்லும்போது எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். துப்ப வேண்டுமானால் துப்பலாம். லீயன் பிர்ச் என்ற ஆய்வாளர் 1980களில் சிறு குழந்தைகளிடம் காட்டியதும் இதுதான்: ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து முறை சுவைத்தால்தான் பல குழந்தைகளுக்கு அது பிடிக்கத் தொடங்குகிறது. இரண்டாம் முறையிலேயே நாம் சலித்துவிடுகிறோம்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கல்யாணப் பந்தி பெரிய சோதனை. கேட்பதற்குள் கூட்டு இலையில் விழும்; சாம்பார் வழிந்து அப்பளத்தை நனைக்கும்; எதிரே நிற்கும் பெரியப்பா, “என்ன இது, கோழி கொத்துற மாதிரி?” என்பார். தயவுசெய்து அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்து ஓரமாகச் சாப்பிட்டால் பந்திக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

சாப்பிடும் பண்டங்களின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால், எடை சரியாக இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன சாப்பிடுகிறார் என்பதை ஒரு வாரம் எழுதி எடுத்துப்போங்கள்; பிரிஸ்டல் பையனிடம் காலத்தோடு கேட்கப்படாமல் போனது அதுதான். பயம் பிடித்திருக்கிறது என்று தோன்றினால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். சைவத்தை விட வேண்டும் என்று யாராவது சொன்னால், விடாமலேயே சிகிச்சை வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.