பாம்புக்கு ஒரு சுவர் இருந்துச்சு

இன்னைக்கு எபிசோட் ஓய்வு நேரத்தைப் பத்தி. போனைக் கையில வெச்சுக்கிட்டு நாம கழிக்கிற ஓய்வு நேரம். இதைப் பேச நான் எடுத்துக்கிட்ட இடம் ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற ஃபேக்டரி பெல்ட். ஏன் அந்த இடம்னா, நாம ஸ்க்ரோல் பண்ற போனைச் செய்யறவங்க அங்கதான் இருக்காங்க. அவங்களும் ஷிப்ட் முடிஞ்சதும் ஸ்க்ரோல்தான் பண்றாங்க.

முதல்ல ஒரு பழைய கேம். 1997. ஃபின்லாந்துல நோக்கியா கம்பெனியில டனெலி அர்மான்டோன்னு ஒரு இன்ஜினியர், 6110 மாடலுக்காக ஸ்நேக் கேமை எழுதினாரு. ஐடியா புதுசு இல்ல. 1976லயே ‘பிளாக்கேட்’னு ஒரு ஆர்கேட் கேம் இதே மாதிரி இருந்துச்சு. அதை அவர் ஒரு சின்னத் திரைக்குள்ள, நாலு பட்டனுக்குள்ள அடக்கினாரு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற அஞ்சு நிமிஷத்துக்குச் சரியா பொருந்துச்சு. பாம்பு சுவர்ல முட்டினா அவுட். தன் வாலையே கடிச்சாலும் அவுட். எவ்வளவு நல்லா ஆடினாலும் கேம் ஒரு இடத்துல முடிஞ்சே ஆகணும். இந்த ‘முடியும்’ங்கிற விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

2006: ரெண்டு சம்பவம்

2006ல நோக்கியா ஸ்ரீபெரும்புதூர்ல போன் தயாரிக்க ஆரம்பிச்சது. உச்சத்துல சுமார் 8,000 பேர் அங்க நேரடி வேலையில இருந்தாங்க. பெரும்பாலும் இளம் பெண்கள், நிறைய பேருக்கு அதுதான் முதல் சம்பளம்.

அதே 2006ல அமெரிக்காவுல ஏசா ரஸ்கின்னு ஒரு டிசைனர் ‘இன்ஃபினிட் ஸ்க்ரோல்’ங்கிற முறையை வடிவமைச்சாரு. அதுவரைக்கும் ஒரு பக்கம் முடிஞ்சா ‘அடுத்த பக்கம்’னு ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு வினாடி யோசிப்போம், போதுமா வேணாமான்னு. அந்த ஒரு வினாடி காணாம போச்சு. பின்னாடி ரஸ்கினே இதுக்காக வருத்தப்பட்டு வெளிப்படையா பேசியிருக்காரு.

நோக்கியா ஆலை 2014 நவம்பர்ல உற்பத்தியை நிறுத்துச்சு. நோக்கியாவோட போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனப்போ, வரிப் பிரச்சினையால இந்த ஆலை மட்டும் அந்தக் கைமாற்றத்துல சேர முடியல. அப்புறம் 2016ல ஜியோ வந்து டேட்டா விலை சரிஞ்சது. 2020 ஜூன் கடைசியில டிக்டாக்குக்குத் தடை, ஜூலையில இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துச்சு. இதுக்கு நடுவுல அதே ஏரியாவுல ஃபாக்ஸ்கான் ஐபோன் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது. ஆக, சுவர் இருந்த போனைச் செஞ்ச ஊரு இப்போ சுவர் இல்லாத போனைச் செய்யுது.

ஷிப்ட்ல இருக்கிறவங்க ஓய்வு

ஒரு கணக்கு போடுவோம். ஒரு நாள் 24 மணி நேரம். எட்டு மணி நேர வேலை, சாப்பாட்டு இடைவேளை அரை மணி. கம்பெனி பஸ்ல போக ஒன்றரை, வர ஒன்றரை. செக்கிங், உடை மாத்தறது எல்லாம் சேர்த்து அரை மணி. குளியல், துணி துவைக்கிறது, சமையல் ரெண்டு மணி. தூக்கம் எட்டு. கூட்டினா 22. மிச்சம் ரெண்டே மணி நேரம். ஓவர்டைம் பார்த்தா அதுவும் இல்ல.

இந்த ரெண்டு மணி நேரமும் எப்போ வரும்னு சொல்ல முடியாது. ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்கும். நைட் ஷிப்ட் முடிச்சு காலையில ரூமுக்கு வர்றவங்களுக்கு மேட்ச் முடிஞ்சிருக்கும், ஊர்ல தங்கச்சி காலேஜுக்குக் கிளம்பியிருப்பா, ஃப்ரெண்டு அடுத்த ஷிப்டுக்கு பஸ் ஏறியிருப்பா. யாரோடயும் சேர்ந்து பண்ற எந்தப் பொழுதுபோக்கும் இந்த நேரத்துக்குள்ள பொருந்தாது. பொருந்தறது ரீல்ஸ், வாய்ஸ் நோட், பாதியில விட்ட சீரியல். அது எப்போ வேணாலும் காத்துக்கிட்டிருக்கும்.

அதோட ஹாஸ்டல் ரூம்ல தனிமைன்னு ஒண்ணு கிடையாது. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் கட்டின பெரிய விடுதி திறந்தாங்க, 18,720 பேர் தங்கறதுக்கு. வசதியான இடம் வந்தது நல்ல விஷயம்தான். ஆனா கூட இருக்கிறவங்களோட பங்கு போட்டுக்கிற ரூம்ல, இயர்போனும் ஆறு இன்ச் திரையும்தான் ஒருத்தருக்குச் சொந்தமான அறை.

அதனாலதான் ‘டிஜிட்டல் டீடாக்ஸ் பண்ணுங்க, போனை வெச்சுட்டு வாக்கிங் போங்க’ங்கிற அறிவுரை எனக்கு அரைகுறையா தெரியுது. நைட் ஷிப்ட் முடிஞ்சு, லாரி போற ரோட்டுல, எங்க வாக்கிங் போறது? போனை எடுத்துட்டா அந்த இடத்துல வேற என்ன இருக்குன்னும் கேக்கணும் இல்லையா?

சுவரை யார் கட்டறது?

வேலை நேரத்துக்கு ஒரு சுவர் இருக்கு. 1948 தொழிற்சாலைகள் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு வெச்சிருந்துச்சு. அதைத் தாண்டினா ரெண்டு மடங்கு சம்பளம். அந்தச் சுவரும் சும்மா நிக்கல. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடற திருத்தம் தமிழ்நாடு சட்டப்பேரவையில நிறைவேறுச்சு. வாரக் கணக்கு 48 மணி நேரம்தான், கூடுதலா லீவு கிடைக்கும்னு அரசு தரப்புல விளக்கம் சொன்னாங்க. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தாங்க. நம்ம கணக்குல எட்டை எடுத்துட்டு 12ஐப் போட்டுப் பாருங்க, 26 வரும். தூக்கத்துல இருந்துதான் அந்த ரெண்டை எடுக்கணும். மே 1ஆம் தேதி, மசோதாவைத் திரும்பப் பெறறதா முதல்வர் அறிவிச்சாரு. 1923ல சிங்காரவேலர் சென்னையில மே தினம் கொண்டாடி சரியா நூறு வருஷம் ஆகியிருந்துச்சு.

வேலை எங்க முடியணும்ங்கிறதை ஆளுங்க கூடிப் பேசி, சண்டை போட்டு முடிவு பண்ணினாங்க. அதுக்கு அப்புறம் மிஞ்சற நேரம் எங்க முடியணும்ங்கிறதை இப்போதைக்கு ஆப் முடிவு பண்ணுது. அந்தச் சுவரை நாமதான் வெச்சுக்கணும். ஆட்டோப்ளேவை ஆஃப் பண்றது, முடிவு இருக்கிற ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது, அதாவது ஒரு படம், ஒரு எபிசோட், ஒரு போன் கால். சின்ன விஷயம்தான். ஆனா ரெண்டு மணி நேரம் மட்டுமே கையில இருக்கிறவங்களுக்கு அரை மணி நேரம்ங்கிறது கால் பங்கு.

இந்த எபிசோடுக்கும் ஒரு சுவர் இருக்கு, இதோ வந்துட்டோம். நீங்க ஷிப்ட்ல வேலை பார்க்கிறவங்கன்னா, உங்க ரெண்டு மணி நேரம் எப்படிப் போகுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எந்த ஷிப்ட் முடிஞ்சு அனுப்பினாலும் கேப்போம்.